நீட்டப்படாத கை

டயாலிசிஸ் யூனிட்டில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. என்னோடு நர்சிங் முடித்தவர்களில் பலர் ஐ.சி.யூ., பிரசவ வார்டு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் டயாலிசிஸைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அங்கே நைட் டியூட்டி கிடையாது. கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனைக்கு மேடவாக்கத்திலிருந்து ஒரே பஸ். அப்பாவுக்கு இந்த இரண்டும் போதுமானதாக இருந்தன.

முதல் ஷிஃப்ட் விடிகிற நேரத்தில் தொடங்கும். தண்ணீர் லாரிகள் மட்டும் ஓடும் சாலையில் பாதித் தூக்கத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். செம்பாக்கம் தாண்டும்போது தூக்கம் கலைந்து, சேலையூர் வரும்போது பயம் வந்துவிடும். எதைப் பற்றிய பயம் என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரிந்திருக்காது. யாரும் என்னைத் திட்டியதில்லை. அங்கே நான் செய்ய வேண்டிய வேலையை யாரும் என்னைச் செய்ய விடவில்லை, அவ்வளவுதான்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அதற்காகக் கையில் ஒரு சின்ன அறுவை செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்று அதற்குப் பெயர். சில மாதங்களில் அந்தக் குழாய் தடித்துத் தோலுக்கடியில் புடைத்து நிற்கும். விரலை வைத்துப் பார்த்தால் வைப்ரேஷனில் போட்ட செல்போன் மாதிரி அதிரும். ஒவ்வொரு முறையும் அதில் இரண்டு ஊசி குத்த வேண்டும். காய்ச்சலுக்குப் போடும் ஊசியைப் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அத்தனை தடிமன். அந்தக் குழாய் கெட்டுப்போனால் மறுபடி வேறு இடத்தில் அறுவை, காத்திருப்பு, அதுவரை டயாலிசிஸுக்குக் கழுத்தில் டியூப். அதனால் தன் கையை யார் தொடுகிறார்கள் என்பதில் ஒவ்வொரு நோயாளியும் கண்டிப்பாக இருப்பார்கள். கல்லூரியில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

முதலில் சொன்னவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மின்விசிறி, மிக்சி மோட்டார் எல்லாம் விற்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளிக்கிழமை கடை போட வேண்டும் என்பதற்காகவே செவ்வாய், வியாழன், சனி என்று நாட்களை வாங்கி வைத்திருந்தார். நான் ஊசித் தட்டோடு அவர் கட்டிலருகே போய் நின்றதும், நீட்டியிருந்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இன்னா சிஸ்டர், புச்சா?"

"ஆமாங்க."

"தப்பா நெனச்சிக்காத. பெரிய சிஸ்டர் எங்க கீறாங்க? அவங்கள இட்டுகினு வா."

"நான் மெதுவா போடறேங்க."

"மெதுவா போட்டாலும் வேணாம், ஸ்பீடா போட்டாலும் வேணாம். இந்தக் கைய வெச்சுதான் நான் பொழச்சிகினு கீறேன்."

அவர் பேசியது சத்தமாக இல்லை. ஆனால் அந்த நீள அறையில் எல்லோர் காதிலும் விழுந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர், நான் அவர் பக்கம் திரும்பும் முன்பே, "எனக்கும் பெரிய சிஸ்டரே பண்ணட்டும்மா" என்றார். அதற்கடுத்தவர் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டார். சேலையூரில் இருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "நீ நல்லா பண்ணுவ கண்ணா. ஆனா என் கைல வேண்டாம்" என்றார். அவர் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பெரிய சிஸ்டர் என்று அவர்கள் சொன்னது எங்கள் இன்சார்ஜ் அக்காவை. நாற்பத்தைந்து வயது இருக்கும். பல்லாவரம்தான் அவருக்கும். கணவர் ரயில்வேயில் வேலை. அதிகம் பேசமாட்டார். நான் தட்டைத் திருப்பிக்கொண்டு வந்ததும் வாங்கிக்கொண்டு போய் இரண்டு நிமிடத்தில் இரண்டு ஊசியையும் போட்டுவிட்டு வந்தார். அந்தப் பெரியவரிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது கோபமாக இருந்தது. மதியம் சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்க இல்ல?"

"ஒத்துக்கிட்டிருப்பாங்க. ஆனா கைய விறைப்பா வெச்சுக்குவாங்க. அப்படி வெச்ச கைல எனக்கே சரியா போகாது." சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அது அவங்க கை. வேணாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு. நீ வேற வழி பாரு."

வேறு வழி என்ன என்று அவர் சொல்லவில்லை. டெக்னீஷியன் அண்ணா சொன்னார். முடிச்சூரிலிருந்து வருபவர், மெஷின்களைப் பார்த்துக்கொள்வதோடு ஊசியும் போடுவார். அவரையும் நோயாளிகள் நம்பினார்கள். "நீ ஊசி போட வராத. சும்மா கைய தொட்டுப் பாக்க மட்டும் வா. அதுக்கு யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க" என்றார். அப்படியே செய்தேன். ஆட்கள் வந்து எடை பார்த்ததும் ஒவ்வொருவர் கையிலும் விரல் வைத்து அதிர்வு இருக்கிறதா, குழாய் எந்தப் பக்கம் வளைகிறது, எங்கே ஆழமாகப் போகிறது என்று பார்ப்பேன். அண்ணாவிடம் போய்ச் சொல்வேன். "இல்ல, அங்க ரெண்டா பிரியுது, மறுபடி பாரு" என்று திருப்பி அனுப்புவார். வாரக்கணக்கில் இது நடந்தது. கொஞ்ச நாளில், யார் கை எப்படி என்பது முகம் போலவே எனக்கு நினைவில் பதிந்துவிட்டது. ஊசி மட்டும் போடவில்லை.

முதலில் கை நீட்டியவர் சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்தவர். முப்பத்தைந்து வயது. இடது கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வலது கையால் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருப்பார். அண்ணா அவரிடம் என்ன பேசினாரோ தெரியாது. ஒரு திங்கட்கிழமை, "எனக்கு யார் போட்டாலும் வலிக்கத்தான் போகுது, போடுங்க" என்றார். அண்ணா பக்கத்தில் நின்றார். இரண்டு ஊசியும் சரியாகப் போனது. புதன்கிழமையும் போனது. அந்த வாரம் பஸ்ஸில் சேலையூர் வந்தபோது எனக்குப் பயம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டாவது ஊசி குழாயின் அடிச்சுவரைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவர் கை ஊத ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கைக்குக் கீழே ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு எழும்பியது. மெஷின் அலறியது. அண்ணா ஓடிவந்து நிறுத்தி, ஊசியை எடுத்து அழுத்திப் பிடித்தார். இன்சார்ஜ் அக்கா ஐஸ் பை கொண்டுவந்து வைத்தார். சாஃப்ட்வேர்காரர் லேப்டாப்பை மூடிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். "பரவால்ல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் முகம் அப்படிச் சொல்லவில்லை.

இதெல்லாம் எந்த டயாலிசிஸ் யூனிட்டிலும் நடப்பதுதான், அனுபவசாலிகளுக்கும் நடக்கும் என்று இப்போது தெரியும். அன்று தெரியாது. வெளியே காத்திருந்த அவர் மனைவி உள்ளே வந்து கையைப் பார்த்தார். ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. "டிரெய்னிங் எடுக்க என் ஹஸ்பண்ட் கைதான் கெடச்சுதா?" என்று கேட்டார். அவர் நேராக நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அறைக்குப் போனார்.

பத்து நிமிடத்தில் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அக்கா முன்னால் போனார், நான் பின்னால். சூப்பரின்டென்டென்ட் மேடம் மேசையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யார் கேனுலேட் பண்ணது? யார் போட்ட ஊசி?"

"நம்ம யூனிட்ல பண்ணது, மேடம்" என்றார் அக்கா.

"ஆள் யாருன்னு கேக்கறேன்."

"யூனிட்டுக்கு நான்தான் இன்சார்ஜ். ஷிஃப்ட்டும் என்னோடது. என் பேர எழுதிக்கோங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "நீ கீழ போய் அடுத்த பேட்ச்சுக்கு மெஷின ரெடி பண்ணு" என்றார். போய்விட்டேன். அதன்பிறகு அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா திரும்பி வந்ததும் கை கழுவிவிட்டு அடுத்த நோயாளியின் எடையைப் பார்க்கப் போனார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு இது ஒரு வாய்ப்பாகத் தோன்றியது. என் சித்தப்பா மகள் சிறுசேரியில் மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறாள். நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் படித்து இன்சூரன்ஸுக்கான குறியீடுகளைப் போடும் வேலை. நர்சிங் படித்தவர்களை விரும்பி எடுப்பார்கள். ஏ.சி. அறை, வீட்டு வாசலுக்கே வண்டி வரும். "யார் கையையும் குத்த வேணாம், யார்கிட்டயும் பேச்சு வாங்க வேணாம்" என்றார் அம்மா. சித்தப்பா மகள் மூலமாக இன்டர்வியூவுக்கும் நாள் குறித்தாயிற்று. நான் உடம்பு சரியில்லை என்று யூனிட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்சார்ஜ் அக்கா எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்த நேரம். படியில் கிடந்த ஹோஸ் பைப்பைத் தாண்டி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். யூனிஃபார்ம் இல்லாமல் அவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அம்மா காபி கொடுத்தார். இருவரும் மேடவாக்கத்தில் வாடகை எப்படி ஏறிவிட்டது என்பதையும் மெட்ரோ வேலையால் சாலை படும் பாட்டையும் பேசினார்கள். கைக்கு என்ன ஆயிற்று, கம்ப்ளெயின்ட் என்ன ஆயிற்று என்று எதுவும் வரவில்லை. கடைசியில் அம்மாதான் கோடிங் வேலை பற்றிச் சொன்னார்.

"நல்ல வேலைதாங்க" என்றார் அக்கா. "என் அக்கா பொண்ணு அதுலதான் இருக்கா. சந்தோஷமா இருக்கா."

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

அவரை வழியனுப்பக் கீழே வரை போனேன். கேட்டைத் திறந்துகொண்டே சொன்னார்: "போறதுனா போ. யாரும் உன்ன தடுக்க முடியாது. ஆனா ஊசி ஒழுங்கா போன ஒரு நாளா பாத்து ரிசைன் பண்ணு. கை ஊதின நாளோட போனா அதுவே மனசுல நின்னுக்கும்."

"அந்த சார் எப்படி இருக்கார்க்கா?"

"நேத்து வந்தார். உன்ன கேட்டார்."

"திட்டினாரா?"

"வரலையான்னு கேட்டார். கம்ப்ளெயின்ட் பண்ணது நான் இல்ல, வொய்ஃப்னு சொன்னார். வலது கையால ஐஸ புடிச்சுக்கிட்டு டைப் பண்ண முடியலன்னு திட்டினார். அது உன்ன இல்ல, அவர் மேனேஜர."

வியாழக்கிழமை வேலைக்குப் போனேன். தீர்மானித்துப் போனேன் என்று சொல்ல முடியாது. அலாரம் வைத்திருந்தேன், அது அடித்தது, எழுந்தேன்.

நான் இல்லாத நாட்களில் அக்காவும் அண்ணாவும் ஏதோ பேசி வைத்திருந்தார்கள். அன்று காலை எல்லா நோயாளிகளுக்கும் கேட்கும்படி அக்கா ஒரு ஏற்பாட்டைச் சொன்னார். ஒருவருக்கு இரண்டு ஊசி. கஷ்டமானதை அவரோ அண்ணாவோ போடுவார்கள். சுலபமானதை நான் போடுவேன். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம், இல்லாதவர்களுக்குப் பழையபடியே. யாரும் கை தூக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்த ஆசிரியை சொன்னார்: "நான் கண்ண மூடிக்கறேன். யார் எதைப் போடறீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சாத்தான் பயம்."

கண்ணை மூடிக்கொண்டார். முதல் ஊசியை அக்கா போட்டார். இரண்டாவதை நான். என் தோளை ஒட்டி அண்ணா நின்றார். அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஊசி போனது. ரத்தம் குழாயில் சீராக ஏறியது. டேப் ஒட்டி முடித்ததும் ஆசிரியை கண்ணைத் திறக்காமலே, "ரெண்டாவது நீதானே?" என்றார்.

"எப்படி தெரிஞ்சுது டீச்சர்?"

"உன் விரல் ஐஸ் மாதிரி இருக்கு. நாளைலேர்ந்து வெந்நீர்ல கைய நனைச்சுட்டு வா."

அவர் சம்மதித்ததால் இன்னும் இரண்டு பேர் சம்மதித்தார்கள். பின் இன்னும் சிலர். சாஃப்ட்வேர்காரர் கை ஆறியதும் அவரே கூப்பிட்டார். அவர் மனைவி மட்டும் நான் ஊசி போட்டு முடிக்கும்வரை கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று பார்ப்பார். நடுவில் இரண்டு முறை எனக்குக் குழாய் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அண்ணா எதுவும் கேட்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார். நோயாளி எதிரில் என்னை ஒருமுறைகூடத் திருத்தியதில்லை. அறைக்குப் பின்னால், மெஷின் கழுவுமிடத்தில்தான் சொல்வார். அங்கே நன்றாகவே திட்டுவார்.

கோடிங் கம்பெனியில் இன்டர்வியூவுக்கு வராததற்குக் காரணம் கேட்டார்களாம். சித்தப்பா மகளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் டியூட்டி என்று சொன்னேன்.

சந்தைக்காரர் மட்டும் மாறவில்லை. "எனுக்கு ரெண்டும் பெரிய சிஸ்டர்தான்" என்றார். மற்றதற்கெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார். காலில் சதை பிடித்துக்கொண்டால் அழுத்திவிட, ஏ.சி.யைக் குறைக்க, ரஜினி படம் ஓடுகிற சேனலை வைக்க. தண்ணீரை அளவாகவே குடிக்க வேண்டிய அவர், வாரத்தில் எவ்வளவு குடித்தார் என்ற உண்மையை என்னிடம்தான் சொல்வார், அக்காவிடம் சொல்லமாட்டார். எங்கள் வீட்டு மிக்சி கெட்டபோது போனிலேயே எந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஊசித் தட்டை மட்டும் பார்த்தால் கையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் எடை பார்த்துவிட்டு வந்து படுத்தார். வழக்கம்போல் அவர் கையைத் தொட்டேன். அதிர்வு இல்லை. விரலை மேலே நகர்த்தினேன், கீழே நகர்த்தினேன். குழாய் கயிறு மாதிரி கெட்டியாக இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர்? ஓடலியா?"

"கொஞ்சம் இருங்க, அண்ணாவ கூப்பிடறேன்."

அண்ணா ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அக்கா வந்து கேட்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. குழாய் அடைத்துவிட்டது. ராத்திரி எப்போதோ நின்றிருக்க வேண்டும். யார் குறையும் இல்லை. சிலருக்கு அப்படித்தான் நின்றுபோகும். டாக்டர் வந்து பார்த்தார், சரிசெய்ய முயன்று முடியாமல் போனது. அன்று சாயங்காலம் அவர் கழுத்தில் டியூப் வைத்தார்கள்.

அடுத்த செவ்வாய் வந்தபோது குரல் இறங்கியிருந்தது. கழுத்து டியூபுக்கு ஊசி கிடையாது, சுத்தமாகத் துடைத்துக் குழாயை மாட்டினால் போதும். அக்கா வேறு கட்டிலருகே வேலையாக இருந்தார். சந்தைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"நீயே மாட்டு சிஸ்டர். இப்பதான் ஊசியே இல்லியே."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மாட்டினேன். பல மாதங்கள் அவருக்கு நான்தான் மாட்டினேன்.

வலது கையில் அவருக்குப் புது ஃபிஸ்டுலா வைத்து, அது தடித்து ஊசிக்குத் தயாரானபோது, அக்கா எங்கள் யூனிட்டில் இல்லை. அவர் கணவருக்கு அரக்கோணத்துக்கு மாற்றலாகிவிட்டது. போன நாளில் கேக் வெட்டினோம். ஊசி போடும் முன் கையை இறுக்கிக் கட்டும் பழைய டூர்னிக்கெட் பட்டை ஒன்றை என்னிடம் கொடுத்து, "இது நல்லா இழுக்கும், புதுசு எல்லாம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரத்தில் யூனிட்டில் அண்ணாவுக்கு அடுத்து நான்தான் மூத்தவள்.

சந்தைக்காரர் புதுக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணாவைப் பார்த்தார். "இது கடைசி கை சிஸ்டர். தப்பா நெனச்சிக்காத" என்றார். அண்ணா போட்டார். நான் டேப் ஒட்டினேன். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. அது அவர் கை.

போன வருடம் அவர் சந்தைக் கடையை விட்டுவிட்டுச் செங்கல்பட்டில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். டயாலிசிஸும் அங்கேயே ஒரு சென்டருக்கு மாறியது. எங்கள் யூனிட்டில் கடைசியாகப் படுத்திருந்த நாலு மணி நேரமும் ஒரே புலம்பல்.

"அங்க யாரு கீதோ, எப்டி குத்துமோ. பேஜாரா கீது சிஸ்டர். நீ ஒரு போன் போட்டு சொல்லிடேன். எந்த எடத்துல போடணும், எப்டி சாய்ச்சு போடணும்னு உனுக்குதான் தெரியும்."

"உங்களுக்கு நான் ஒரு தடவைகூட போட்டதில்லையே."

"போட்டதில்லன்னா? தெனமும் தொட்டுப் பாத்தது நீதானே."

அவர் எதிரிலேயே போன் செய்தேன். அந்தப்பக்கம் ஒரு பெண் குரல் எடுத்தது. குழாய் எங்கே வளைகிறது, மேல் ஊசியை எவ்வளவு தட்டையாகப் பிடிக்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னேன். முதல் சில நாள் யாரையும் தொட விடமாட்டார், கோபித்துக்கொள்ள வேண்டாம், சீனியர் யாராவது பக்கத்தில் நின்றால் நல்லது என்றும் சொன்னேன். அந்தக் குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"சரிம்மா, அனுப்பி வைங்க" என்றார் அந்தப் பெண். "நான் ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. சமாளிச்சிடுவேன்."

போனை வைத்தேன். அவர் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"அங்க பெரிய சிஸ்டர்தான் இருக்காங்க" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.